பாலக்காட்டில் வண்டி மாறும் வேளையில்

மங்களூரிலிருந்து பழனிப் பக்கத்துச் சொந்த ஊருக்குச் செல்லும் குடும்பம் ஒன்றைச் சென்ற கோடையில் பாலக்காடு ஜங்ஷனில் கண்டோம். அடுத்த வண்டிக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. பெட்டிகளைச் சுற்றி அமர்ந்திருந்தோருள் ஒரு பாட்டி, "எத்தனையோ தடவை இங்கே வண்டி மாறியிருக்கிறோம், தம்பி. வாசலுக்கு அப்பால் என்ன ஊர் என்று பார்த்ததே இல்லை" என்றார். அச்சொல் நம் மனத்தைத் தைத்தது.

மூட்டை முடிச்சுகளும், அயலூர் என்னும் அச்சமுமே நம்மவரை நிலையத்தில் கட்டிப்போடுகின்றன. இரண்டையும் போக்குவது எளிது. சாமான்களைப் பூட்டிக் கிளோக் ரூமில் ஒப்படைத்து ரசீதைப் பத்திரப்படுத்துக. வண்டியின் நேரத்தை விசாரித்து அறிக. பேச்சுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இங்கே தமிழ் அறிந்தோர் பலர். 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் அமையும்வரை இவ்வூர் சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவில் இருந்ததன்றோ?

மூன்று மணி நேரம் இருப்பின் அருகிலுள்ள கல்பாத்திக்குச் செல்லலாம். ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயிலும், வரிசை வரிசையாகத் தமிழ் அக்கிரகாரங்களும் உள்ளன. 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது இங்குள்ளோர் வாக்கு. நடுப்பகலில் சந்நிதி அடைத்திருக்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

நான்கு மணி நேரம் கிடைத்தால் நகரின் நடுவே ஹைதர் அலி 1766-ல் கட்டுவித்த கோட்டையைக் காணலாம். சுற்றிலும் அகழி, உள்ளே ஆஞ்சநேயர் கோயில். குழந்தைகள் ஓடியாட அருகில் திடலும் உண்டு.

அரைநாள் வாய்த்தோர் மலம்புழை அணைக்குச் செல்லலாம். அதனை 1955-ல் திறந்துவைத்தவர் அந்நாள் சென்னை முதலமைச்சர் காமராஜர் அவர்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க மறவாதீர்.

எங்கே சென்றாலும் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே நிலையத்துக்குத் திரும்பிவிடுக. பொள்ளாச்சி, பழனி மார்க்கத்தில் வண்டிகள் சிலவே. ஒன்றைத் தவறவிட்டால் பொழுதும் பணமும் வீணாகும்.

அன்று நம் சொற்கேட்டுப் பாட்டி பேரனுடன் கல்பாத்திக்குப் போய்வந்தார். நெற்றியில் விபூதி துலங்க, "நம் ஊர்த் தெருவைப் போலவே இருக்கிறதே, தம்பி!" என்றார். அடுத்த பயணத்தில் நேயர்களும் ஒருமுறை அந்த வாசலைத் தாண்டிப் பார்ப்பார்களாக.