கம்பி கேட் சோதனை: வீடு பார்த்துக்கப் போறவங்க எந்த ஃபோட்டோ வைக்கணும்?

(பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு ஒரு ஃபோட்டோவைப் பத்திப் பேசப் போறேன். ஊருக்குப் போறவங்களோட வீட்டையும், அவங்க நாய் பூனையையும் பார்த்துக்கிற வேலைக்கு நீங்க பதிவு பண்ணும்போது, உங்க பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன வட்டத்துல வருமே, அந்த ஃபோட்டோ.

நான் வெச்ச முதல் ஃபோட்டோ மலைக்கோட்டை உச்சியில எடுத்தது. சாயங்கால வெயில், கூலிங் கிளாஸ், காத்துல பறக்குற முடி. எனக்குப் பின்னாடி காவிரி, அதுக்கும் அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். இன்ஸ்டாவுல நல்லாப் போன படம். அதையே வெச்சுட்டு ஒன்றரை மாசம் காத்திருந்தேன். ஒரு கால் வரலை.

அப்புறம் ஒருநாள் என் அம்மா ஃபோன்ல அதைத் திறந்து பார்த்தேன். 83 மீட்டர் பாறை, 236 அடி கோபுரம், ஒரு முழு ஆறு, எல்லாம் ஒரு ரூபாய் காசு அளவு வட்டத்துக்குள்ள. நடுவுல நான் எங்கே? ரெண்டு கறுப்புப் புள்ளி. அது கூலிங் கிளாஸ்.

இந்த வேலை எங்க ஊர்ல எப்படி நடக்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். பையன் சிங்கப்பூர்ல, பொண்ணு அமெரிக்காவுல. பேரக் குழந்தை பிறக்குது, அப்பா அம்மா மூணு மாசம் கிளம்பிப் போறாங்க. முன்னாடி பக்கத்துத் தெருவுல ஒரு சித்தியோ மாமாவோ இருப்பாங்க, சாவியைக் கொடுத்துட்டுப் போகலாம். இப்ப சித்தியும் சென்னைக்குப் போயாச்சு. வீட்டுல நாய் இருக்கு, செடி இருக்கு. ஸ்ரீரங்கத்துல இன்னொரு விஷயமும் இருக்கு. தினமும் கோலம் விழுற வாசல்ல ரெண்டு நாள் கோலம் இல்லைன்னா, வீடு பூட்டியிருக்குன்னு தெருவுக்கே தெரிஞ்சுடும். அதனால வாசல் தெளிச்சுக் கோலம் போடறதும் பல வீடுகள்ல நம்ம வேலையில சேர்த்தி.

வெளிநாட்டுல இதுக்குப் பெரிய தளங்களே இருக்கு. டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்னு ஒண்ணு, 2010ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. அங்க தங்க இடம் கிடைக்கும், பதிலுக்கு வீட்டையும் செல்லப் பிராணியையும் பார்த்துக்கணும், ரெண்டு பேருக்கும் நடுவுல பணம் கை மாறாது. நம்ம ஊர்ல பெரும்பாலும் தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்க வழியா, வாட்ஸ்அப்லதான் நடக்குது. எங்க நடந்தாலும் முதல்ல பார்க்கப்படறது அந்த வட்டம்தான்.

எவ்வளவு நேரம் பார்ப்பாங்கன்னு நினைக்கிறீங்க? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ்னு ரெண்டு பேர் 2006ல ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. தெரியாத ஒருத்தரோட முகத்தை ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவரை நம்பலாமா கூடாதான்னு மனசு முடிவு பண்ணிடுது. அதிக நேரம் கொடுத்தா அந்த முடிவு பெருசா மாறுறது இல்லை, இன்னும் உறுதியாகுது, அவ்வளவுதான். அந்த முடிவு சரியா இருக்குமாங்கிறது வேற கேள்வி. முகத்தை வெச்சு ஆளை எடைபோடறது பெரும்பாலும் தப்பாத்தான் போகும்னு டோடோரோவே பின்னாடி ஒரு புத்தகம் முழுக்க எழுதினார். ஆனா நம்ம ஃபோட்டோவைப் பார்க்குற பாட்டி அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்க மாட்டாங்க.

பாட்டின்னதும் ஞாபகம் வருது. என்னோட முதல் வேலைக்கு ஒன்னாம் நம்பர் பஸ் பிடிச்சு ஸ்ரீரங்கம் போய், உத்தர வீதியில ஒரு வீட்டு கேட் முன்னாடி நின்னேன். வயசானவங்க தனியா இருக்கிற பழைய வீடுகள்ல திண்ணைக்கு மேல கம்பி கேட் போட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. உள்ளேருந்து ஒரு பாட்டி ஒரு கையில ஃபோனைத் தூக்கிப் பிடிச்சு, என் முகத்தைப் பார்த்து, ஃபோனைப் பார்த்து, திரும்ப முகத்தைப் பார்த்து, "யாரும்மா நீ?"ன்னு கேட்டாங்க. அப்ப நான் வெச்சிருந்தது ரெண்டாவது ஃபோட்டோ. ஃபோன் கேமராவுல பியூட்டி மோடு தானா ஆன்ல இருந்திருக்கு. தோல் மாவு மாதிரி வழுவழுன்னு, நிறம் ரெண்டு மடங்கு கூடி, கன்னத்து மச்சம் காணாம போய்... அது நான் இல்லை, என் அக்கா மாதிரி யாரோ. கேட் திறக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு.

அன்னையிலிருந்து எனக்கு ஒரே சோதனைதான். அதுக்குப் பேர் கம்பி கேட் சோதனை. ஃபோட்டோவை மட்டும் பார்த்திருக்கிற ஒருத்தர், கண்ணாடி போடாம, கம்பிக்கு அந்தப் பக்கத்துலேருந்து ரெண்டு நொடியில உங்களை அடையாளம் கண்டுபிடிக்கணும். அதுல தேறாத ஃபோட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும் தூக்கிடுங்க.

அப்படின்னா ஃபில்டர் வேண்டாம். கூலிங் கிளாஸ் வேண்டாம். தினமும் கண்ணாடி போடறவங்க கண்ணாடியோடயே எடுங்க. குரூப் ஃபோட்டோவை வெட்டி வைக்காதீங்க, தோள்ல யாரோட கையோ தொங்கிட்டிருக்கும். கல்யாணத்துல பட்டுப் புடவையில எடுத்ததும் வேண்டாம், வீட்டு வேலைக்கு நீங்க அப்படிப் போகப் போறதில்லை. வட்டத்துல முக்கால்வாசி முகம் இருந்தாப் போதும், மலைக்கோட்டைக்கு அதுல இடம் கிடையாது. வெளிச்சத்துக்கு ஸ்டுடியோ தேடிப் போக வேண்டாம். முற்றம் வெச்ச வீடு ஏதாவது தெரிஞ்சா காலையில எட்டு மணிக்குப் போய்த் தாழ்வாரத்துல, முற்றத்தைப் பார்த்து நில்லுங்க. நேர் வெயில் படாது, நிழல் மென்மையா விழும். அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு ஜன்னல் ஓரம் போதும்.

முகப்புல முகம். உள்ளே இன்னும் நாலஞ்சு படம் வைக்கலாம்னா, அங்கதான் நாய் வரணும். இதுல நிறைய பேர் சறுக்குறாங்க, நானும் சறுக்கியிருக்கேன். நாயைக் கழுத்தோட கட்டிப் பிடிச்சு, கன்னத்தோட கன்னம் வெச்சு ஒரு செல்ஃபி. நமக்கு அது பாசம். பல நாய்களுக்கு அப்படி இறுக்கிப் பிடிக்கிறது பிடிக்காது. அந்த மாதிரிப் படங்கள்ல நாயை மட்டும் பாருங்க. கண்ணோட வெள்ளை ஓரத்துல தெரியும், காது பின்னாடி ஒட்டியிருக்கும், மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிட்டு உதட்டை நக்கிட்டிருக்கும். நாய் வளர்க்கிறவங்க இதை உடனே படிச்சிடுவாங்க: 'இந்தப் பொண்ணுக்கு நாயைப் பத்தித் தெரியாது.' அதுக்குப் பதிலா தரையில உட்காருங்க. நாய் தானா பக்கத்துல வந்து படுக்கட்டும். நீங்க கேமராவைப் பார்க்கலைன்னாலும் பரவாயில்லை. என்கிட்ட இருக்கிறதுலயே நல்ல படம், கருவாட்டு நிறத்துல ஒரு நாட்டு நாய் என் செருப்பு மேல தலையை வெச்சுத் தூங்குறது. என் முகம் அதுல பாதிதான் தெரியும். ஃபோன் பண்றவங்க அதைத்தான் முதல்ல கேட்பாங்க.

நடை கூட்டிட்டுப் போற படம் வைக்கிறதா இருந்தா, அது காலை வெளிச்சம்னு பார்த்ததும் தெரியணும். மே மாசத் திருச்சியில மத்தியானத் தார் ரோட்டுல நாயோட நிக்கிற படத்தைப் பார்த்தா, விவரம் தெரிஞ்சவங்களுக்கு அதோட பாதம்தான் கண்ணுல படும்.

ஒரு எச்சரிக்கை. தோள்ல பச்சைக்கிளியை வெச்சு எடுத்த படம் இருந்தா எடுத்துடுங்க. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டுல வளர்க்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 படி குற்றம். கூண்டுக் கிளியைப் பார்த்துக்கச் சொல்லி யாராவது கேட்டாலும் நான் போறதில்லை. லவ் பேர்ட்ஸ் வேற, அது வெளிநாட்டு இனம்.

அடுத்தவங்க வீடும் உங்க படத்துக்குள்ள வருதுங்கிறதை மறந்துடாதீங்க. கதவு நம்பர், வாசல், வண்டி நம்பர் பிளேட், கொக்கியில தொங்குற சாவி, இது எதுவும் தெரியக் கூடாது. 'இப்ப இந்த வீட்டுல இருக்கேன்'னு அன்னைக்கே ஸ்டேட்டஸ் போட்டா, வீட்டுக்காரங்க ஊர்ல இல்லைன்னு நீங்களே அறிவிக்கிற மாதிரி. ஃபோன் கேமராவுல லொகேஷனைப் பதியுற வசதி ஆன்ல இருந்தா, எடுத்த இடமும் அந்த ஃபைலுக்குள்ளயே உட்கார்ந்திருக்கும், அதை அணைச்சிடுங்க. நம்ம பாதுகாப்புக்கு ஒண்ணு: இன்ஸ்டாவுல இருக்கிற அதே படத்தை இங்க வைக்காதீங்க. படத்தை வெச்சே தேடற வசதி இப்ப எல்லார் ஃபோன்லயும் இருக்கு. ஒரே படம்னா, உங்களுக்கு வேலை தர்றதாச் சொல்ற முன்பின் தெரியாத ஆள், பத்து நிமிஷத்துல உங்க காலேஜ், ஃப்ரெண்ட்ஸ், வீட்டுத் தெரு வரைக்கும் போயிடலாம். பொண்ணுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனிமே சொல்லப் போறது கொஞ்சம் சங்கடமான பகுதி.

நான் கிறிஸ்தவ வீட்டுப் பொண்ணு, மேலப்புதூர். என்னோட கத்தோலிக்கத் தோழிங்க நிறைய பேர் பொட்டு வைப்பாங்க, எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லை. முதல் வேலை முடிஞ்சு ரெண்டு மாசம் அடுத்தது எதுவும் அமையாம இருந்தப்ப, ஒரு தோழி சொன்னா: "ஏய், ஸ்ரீரங்கத்துல வேலை வேணும்னா ஒரு சின்னப் பொட்டு வெச்சு எடுடி. என்ன குறைஞ்சிடப் போகுது?" எடுத்தேன். பொய்யில்ல, நல்லாவே இருந்தது. ஒரே வாரத்துல மூணு கால்.

அதுல ஒரு மாமி ரொம்பப் பிரியமா பேசினாங்க. பூனைக்கு எப்ப பால், துளசிக்கு எவ்வளவு தண்ணி, "ஆத்துல கோலம் மட்டும் விடாம போட்டுடும்மா"ன்னு எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. வீடியோ கால்ல வந்தப்ப என் நெத்தி வெறுமையா இருந்தது. முழுப் பேரைக் கேட்டாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பையன்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா." அவ்வளவுதான்.

ரெண்டு நாள் கோபமா இருந்தேன், அவங்க மேல. மூணாவது நாள்தான் இன்னொண்ணு உறைச்சது. அவங்க தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நினைச்சு அந்தப் படத்தை எடுத்தது நான்தானே. கம்பி கேட் சோதனையில அதுவும் தேறலை.

இது ஸ்ரீரங்கத்து மாமியோட மட்டும் நிக்கிற விஷயம் இல்லை. ஏர்பிஎன்பியை எடுத்துக்கங்க. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் மூணு பேர் அமெரிக்காவுல அஞ்சு நகரங்கள்ல வீட்டுக்காரங்களுக்குப் போலிக் கணக்குலேருந்து கேட்டு அனுப்பினாங்க. எல்லாம் ஒரே மாதிரி, பேர் மட்டும் வேற. ஃபோட்டோகூட இல்லை. கறுப்பினத்தவர்னு தெரியுற பேரா இருந்தா, சரின்னு சொல்லப்படுற வாய்ப்பு 16 சதவீதம் குறைஞ்சது. 2017ல வந்த ஆய்வு இது. அடுத்த வருஷம், 2018ல, ஏர்பிஎன்பி விதியை மாத்துச்சு: தங்க வர்றவரோட ஃபோட்டோவை, புக்கிங்கை ஏத்துக்கிட்ட பிறகுதான் வீட்டுக்காரர் பார்க்க முடியும். நல்ல யோசனைதான். ஆனா நம்ம வேலைக்கு அது சரிப்படாது. மூணு மாசத்துக்கு வீட்டையே ஒப்படைக்கிறவங்க முகத்தைப் பார்க்கணும்னு கேட்கிறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். முகத்துல எதைத் தேடறாங்கங்கிறதுதான் பிரச்சினை. அதை நான் நல்ல கேமரா வாங்கிச் சரிபண்ண முடியாது.

பொட்டு வெச்ச படத்தை எடுத்துட்டேன். இப்ப இருக்கிறதுல நான் வீட்டுல எப்படி இருப்பேனோ அப்படியே இருக்கேன். மச்சம், வெறும் நெத்தி, காட்டன் சுடிதார். படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'கோலம் போடுவேன், உங்க அடுக்களையில அசைவம் சமைக்க மாட்டேன்.' இதைச் சேர்த்தது சரியா, நானே குனிஞ்சு போறேனான்னு என் தம்பி சண்டை போட்டான். ஒருத்தர் வீட்டுல தங்கும்போது அவங்க அடுக்களை வழக்கப்படி நடக்கிறது எனக்குக் குனியறதாத் தெரியலை. நான் யாருங்கிறதை மறைக்கிறது வேற. இது என் கணக்கு, உங்க கணக்கு வேறயா இருக்கலாம்.

கால் குறைஞ்சது, அதையும் சொல்லிடணும். அந்த மாசம் ஒண்ணே ஒண்ணு. அடையவளஞ்சான் வீதியில ரிட்டயர் ஆன வாத்தியார் தம்பதி, ஒரு வயசான நாய். படத்தைப் பார்த்துட்டு ஐயா கேட்ட முதல் கேள்வி, "அந்தச் செருப்பு மேல தூங்குற நாய் யாரோடது?" ரெண்டாவது கேள்வி அம்மா கேட்டது: "கோலம் எங்கம்மா கத்துக்கிட்டே?" கிறிஸ்துமஸுக்கு எங்க வாசல்ல நட்சத்திரக் கோலம் போடறதைச் சொன்னேன். சிரிச்சாங்க. மார்கழி முழுக்க அந்த வீட்டுல இருந்தேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல நாயை எங்க கூட்டிட்டுப் போறதுங்கிறது தனி எபிசோட்.

செருப்பு மேல தூங்கின அந்த நாட்டு நாய் போன ஆடியில இறந்துடுச்சு. படத்தை எடுத்துடட்டுமான்னு அதை வளர்த்தவங்ககிட்ட கேட்டேன். "இருக்கட்டும்மா, உன் நம்பரைத் திறந்தா அவன் இருக்கான்"னாங்க. இருக்கு.

முகப்புப் படத்தை மட்டும் இந்த வாரம் மாத்தணும். முடியைக் கட்டையா வெட்டிட்டேன். இருபதாம் தேதி திருவானைக்காவல்ல ஒரு புது வீடு, அங்கேயும் கம்பி கேட்தான்.