வாங்காத வாடகைக்கும் வரி உண்டு, தெரியுமா?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற சின்ன ஊர் இடைசெவல். அந்த ஊருக்கு இரண்டு சாகித்ய அகாடமி விருது, தெரியுமா? 1970இல் கு. அழகிரிசாமி, 1991இல் கி. ராஜநாராயணன். இருவரும் பிறந்தது ஒரே வருஷம், 1923!

அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் கயத்தாறு. கும்பினிக்காரர்களோடு கிஸ்தித் தகராறில் மோதிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட இடம்! வரி என்றாலே இந்தக் கரிசல் சீமைக்குக் கொஞ்சம் ரத்தம் சூடாகும். ஆனால் நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற நம்மூர்க்காரருக்குச் சட்டம் கொடுக்கிற சலுகையும் வைத்திருக்கிற பொறியும் எத்தனை பேருக்குத் தெரியும்?

கரிசல் மண் மூச்சு விடும், தெரியுமா? மழை பெய்தால் உப்பும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும்! மேலே நிற்கிற சுவரும் கூடவே வெடிக்கும். இந்த மண்ணைச் சமாளிக்கவென்றே, அடியில் குமிழ் போல் பருத்த கான்கிரீட் தூண்களை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிக் கொடுத்தது! நம் லைன் வீட்டுக்கு அதெல்லாம் யார் போட்டார்கள்? வருஷா வருஷம் கொத்தனார்தான்.

அந்தக் கொத்தனார் கூலிக்கு வருமான வரிக்காரர்கள் ரசீது கேட்பார்களா? கேட்கவே மாட்டார்கள்! வாடகையில் வீட்டு வரியைக் கழித்தபின் மிஞ்சுவதில் 30 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுபடி செய்கிறார்கள். வெள்ளையடித்தாலும் 30, அடிக்காவிட்டாலும் 30! ஆனால் ஒரு லட்சம் போட்டுச் சுவரைத் தூக்கி நிறுத்தினாலும் அதே 30தான். கரிசல்காரருக்கும் செம்மண்காரருக்கும் ஒரே கழிவு. இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது!

கணக்குப் போடலாமா? நாலு வீடு, வீட்டுக்கு 5,000 ரூபாய். வருஷத்துக்கு 2,40,000. வீட்டு வரி 4,000 கட்டினீர்கள் என்று வையுங்கள், மீதி 2,36,000. அதில் 30 சதவீதம் 70,800 போனால், வரிக் கணக்குக்கு வருவது 1,65,200 மட்டுமே! புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. வேறு வருமானம் இல்லையென்றால் கட்ட வேண்டியது பூஜ்யம்!

இன்னும் ஆச்சரியம் வேண்டுமா? 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி முழுவதும் தள்ளுபடி. 30 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். உள்நாட்டில் குடியிருந்து, வாடகையை மட்டுமே நம்பி வாழ்கிறவர் வருஷம் 17 லட்சம் வாடகை வாங்கினாலும் வரி இல்லை! மாதத்துக்கு 1,40,000 ரூபாய்க்கும் மேல்! ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருக்க முடியாது.

1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்கே ஓய்வு கொடுத்தாயிற்று, தெரியுமா? 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம்! 819 பிரிவுகள் 536 ஆகச் சுருங்கின. நம் 30 சதவீதம் மட்டும் அசையவில்லை!

வீட்டு வரி கட்டாமல் 'கட்ட வேண்டியது' என்று எழுதிக் கழிக்க முடியுமா? முடியாது, அந்த வருஷம் கையால் கட்டியிருக்க வேண்டும்! ஆனால் ஐந்து வருஷப் பாக்கியை ஒரே நாளில் கட்டினால்? ஐந்தையும் அதே வருஷம் கழித்துக்கொள்ளலாம்! குடியிருப்பவர் கட்டியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. கோவில்பட்டி மாதிரி நகராட்சி ஊர்களில் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் சொத்து வரி கட்டுகிறவருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் எத்தனை பேர் இதை வாங்குகிறோம்?

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வாடகை யார் கொடுப்பார்கள்? யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் வரி வரும்! சொந்த உபயோகத்துக்கு இரண்டு வீடு வரை விட்டுவிடுவார்கள். சென்னையில் ஒன்று, கோவில்பட்டியில் ஒன்று, ஊரில் அப்பா கட்டியது ஒன்று என்று மூன்று இருந்தால்? மூன்றாவது என்ன வாடகைக்குப் போகுமோ, அதை வாங்கியதாகவே கணக்கு வைப்பார்கள்! உள்ளே குடியிருப்பது வௌவால் என்றாலும் சரி!

பெண்டாட்டி பேரில் எழுதி வைத்துவிட்டால் தப்பிக்கலாமா? நம்மூர் டீக்கடை வக்கீல்கள் எல்லாரும் சொல்கிற யோசனை இது. பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்தால் வாடகை திரும்ப உங்கள் தலையில்தான் வந்து விழும்!

வீடு கட்ட மச்சானிடம் வாங்கிய கைக்கடனுக்கு வட்டி கொடுக்கிறீர்களா? பேங்க் கடன்தான் செல்லும் என்று நினைத்தீர்களா? வாடகைக்கு விட்ட வீடென்றால் மச்சான் வட்டியையும் கழிக்கலாம்! மச்சான் அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். அங்கேதான் உறவு கசக்கும்!

வாடகை ஒப்பந்தம் ஏன் எப்போதும் 11 மாதம்? ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்கிறது 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். அதிலிருந்து நழுவத்தான் அந்த 11! ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்! ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பாக்கிக்காகக் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தவும் கூடாது!

கரிசல் காட்டைப் பருத்திக்கும் உளுந்துக்கும் குத்தகைக்கு விட்டால் வருமான வரி எவ்வளவு? பூஜ்யம், அது விவசாய வருமானம்! அதே காட்டை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டால்? வரி உண்டு, 30 சதவீதக் கழிவும் கிடையாது! கட்டடம் இருந்தால்தான் அந்தச் சலுகை, வெறும் தரைக்கு இல்லை.

சிங்கப்பூரில் குடியேறிய தம்பி ஊர் வீட்டை 3,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறாரா? குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் அனுப்ப வேண்டும்! குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றே இல்லை!

கடைசியாக, நம் பக்கத்து விசேஷமான ஒத்தி. ஐந்து லட்சம் கொடு, வாடகை இல்லாமல் இரு, காலி செய்யும்போது பணத்தை வாங்கிக்கொள். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை! கேட்க எவ்வளவு இனிப்பு! சட்டத்தில் இதற்குப் பெயர் சுவாதீன அடமானம். 100 ரூபாய்க்கு அடமானம் வைத்தாலே பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். நூறே நூறு ரூபாய்! நாமோ ஐந்து லட்சத்தை 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறோம்!

அதோடு முடிந்ததா? கடனாகவோ டெபாசிட்டாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? வாங்கிய அதே தொகை! ஐந்து லட்சம் வாங்கினால் ஐந்து லட்சம்! கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் விவசாய வருமானம் மட்டும் இருந்து, வரி கட்டும் அளவுக்கு வேறொன்றும் இல்லையென்றால் விதிவிலக்கு உண்டு. மழையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த ஒரு கருணை!

வாடகையாக ஒரு பைசா வாங்கவில்லையே, வருமானம் எங்கே என்பீர்கள். அந்த வீடு எவ்வளவுக்குப் போகும் என்றுதான் சட்டம் கேட்கும்!

உங்கள் வீட்டுப் பீரோவில் ஒத்திப் பத்திரம் இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், சார்பதிவாளர் முத்திரை அதில் விழுந்திருக்கிறதா என்று!