படுக்கையில் கிடந்தால்தான் நோயா?

வைத்திய இன்ஷுரன்ஸ் பாலிஸியை முழுவதும் வாசிப்போர் நம்மில் மிகச் சிலரே. பிரீமியத்தைக் கட்டிவிட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே பெரும்பாலோரின் வழக்கம். கஷ்டகாலம் வந்து பெட்டியைத் திறக்கும்போதுதான், எந்த வியாதிக்கு உதவுமென்று நம்பினோமோ அதற்கு அப்பத்திரம் உதவாது என்பது தெரியவருகிறது. நெடுநாள் நீடிக்கும் நேத்திர ரோகிகளின் நிலைமை இதற்குத் தக்க உதாரணம்.

கிளாகோமா என்னும் கண்ணழுத்த நோய் வலியின்றி வந்து, கண் நரம்பைச் சிறுகச் சிறுக அழிப்பது. இழந்த பார்வை மீண்டு வராது. எஞ்சியதைக் காப்பாற்ற ஆயுள் முழுவதும் நாள் தவறாமல் சொட்டு மருந்து விடவேண்டும். நீரிழிவினால் விழித்திரையில் நீர் கோத்துக்கொள்வோருக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி மருந்து செலுத்துகிறார்கள். அதை ஒரு தடவையோடு நிறுத்த முடியாது. ஆரம்பத்தில் மாதந்தோறும், பிறகு வைத்தியர் சொல்லும் கால அளவில், பல தடவை செலுத்த வேண்டும். இவ்விரு நோயாளிகளும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பதில்லை. காலையில் சென்று மாலைக்குள் வீடு திரும்புகிறார்கள். அவர்களுடைய குற்றம் இதுவே!

நம் தேசத்தில் ஜெனரல் இன்ஷுரன்ஸ் தொழில் 1973-ம் வருஷம் ஜனவரி முதல் பொதுவுடைமையாயிற்று. அக்கம்பெனிகள் 1986-ல் ‘மெடிக்ளெய்ம்’ பாலிஸியைக் கொண்டுவந்தன. ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது தங்கினால்தான் பணம் என்பது அதன் மூல ஷரத்து. 2000-ம் வருஷத்திற்குப் பின் வந்த தனியார் கம்பெனிகளும் அந்த ஷரத்தையே சுவீகரித்துக்கொண்டன. கண்புரை ஆபரேஷன் போன்றவற்றை ஒரே நாளில் முடியும் சிகிச்சை என்று விலக்களித்தார்கள். ஆனால், வழக்கமாகப் புற நோயாளியாகவே பெறும் சிகிச்சை அவ்விலக்கில் சேராது என்று கூடவே எழுதி வைத்தார்கள். கண் ஊசிக்குப் பணம் கேட்டவர்களிடம் நீட்டப்பட்டது இந்த வாக்கியமே.

இன்ஷுரன்ஸ் அதிகார சபையான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ம் வருஷம் செப்டம்பரில் ஒரு நல்ல காரியம் செய்தது. விலக்கிவைக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் பன்னிரண்டை அது வரிசைப்படுத்தியது. கண்ணுக்குள் செலுத்தும் ஊசியும் அவற்றில் ஒன்று. வாசலைத் திறக்கச் சொன்ன அதே உத்தரவு, தொகைக்கு வரம்பு கட்டவும் இடங்கொடுத்தது. 2020-ம் வருஷம் ஏப்ரலில் வந்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’ என்னும் பொதுப் பாலிஸியில், இவ்வகைச் சிகிச்சைகளுக்குக் காப்புத் தொகையில் பாதிதான் உச்சவரம்பு. வேறு சில பாலிஸிகளில் வரம்பு இன்னும் குறுகியது. வருஷம் முழுவதும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவனுக்கு நடுவழியில் பணம் தீர்ந்தால், பார்வையும் நடுவழியில் நின்றுவிடும்.

சொட்டு மருந்தின் கதை இதனினும் விசித்திரமானது. கிளாகோமா முற்றி ஆபரேஷன் செய்தால் கம்பெனி பணம் தருகிறது. அது முற்றாமல் தடுக்கும் சொட்டு மருந்துக்கோ, தனியே புற நோயாளிக் காப்பு வாங்காதவருக்கு ஒரு காசும் இல்லை. கரை உடைந்தபின் மண் கொட்டக் கூலி தருவோம், உடையாமல் காப்பவனுக்குத் தரமாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்?

இவற்றையெல்லாம் சேர்த்தால் பிரீமியம் ஏறுமென்று கம்பெனிகள் சொல்லக்கூடும். கணக்கு விஷயமாதலால் இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தடுக்கக்கூடிய ஆபரேஷனுக்கு ஆகும் செலவையும் அதே கணக்கில் எழுத வேண்டாமா? சம்பாதிக்கும் ஒருவன் குருடானால் குடும்பம் அடையும் நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? தனிநபர் வைத்திய பாலிஸிகளின் மீது விதித்திருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரியை 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் சர்க்கார் நீக்கிவிட்டது. சர்க்கார் தன் பங்கை விட்டுக்கொடுத்திருக்கும்போது, கம்பெனிகள் தங்கள் ஷரத்துக்களில் பிடிவாதம் காட்டுவது அழகன்று.

ஜனங்களுக்குள்ள உரிமைகளையும் இங்கே சொல்லுவது நம் கடமை. பாலிஸி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குக் காத்திருக்கும் காலம், 2024-ம் வருஷ விதிகளின்படி மூன்று வருஷத்திற்கு மேற்படக் கூடாது. ஐந்து வருஷம் இடைவிடாமல் பாலிஸியை நடத்தி வந்தவரிடம், மோசடி ருஜுவானாலன்றி, நோயை மறைத்தார் என்று ஆட்சேபிக்க இடமில்லை. ஆயினும் நீரிழிவையோ கண் நோயையோ மறைக்காமல் எழுதுவதே உத்தமம். ஷரத்தில் இருபொருள் தோன்றினால், அதை எழுதிய கம்பெனிக்கு விரோதமான பொருளையே கொள்ள வேண்டுமென்பது நீதிஸ்தலங்கள் நெடுங்காலமாக ஒப்பிய விதி. கம்பெனி மறுத்தாலும், ஒரு மாதம் பதிலளிக்காமல் இருந்தாலும், ஒரு வருஷத்திற்குள் இன்ஷுரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். சென்னையிலும் அவருடைய காரியாலயம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. வக்கீல் தொழில் பார்த்த நாமே இதைச் சொல்லுகிறோம்! அவர் அளிக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

உரிமையிருந்தும் அறியாதவனுக்கு அது இல்லாததற்குச் சமானம். ஆதலால் நாம் கோருவது மூன்று. கண் ஊசிக்கும் லேசர் சிகிச்சைக்கும் படுக்கை நிபந்தனையும் தனி வரம்பும் இன்றி முழுக் காப்பு அளிக்க வேண்டும். நீடித்த நோய்களின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஒவ்வொரு பாலிஸியிலும் வருஷாந்தரத் தொகை ஒன்று ஒதுக்க வேண்டும். ஷரத்துக்களைச் சாமானியருக்கு விளங்கும் தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும். தேச ஊழியர்கள் தங்கள் ஊர்களில் பத்துப் பேரைக் கூட்டி, பெட்டியிலுள்ள பாலிஸிகளை எடுத்துவரச் செய்து உரக்க வாசிப்பார்களாக. கண் நன்றாயிருக்கும்போதே அதை வாசித்துவிடுவது நலம்.