கல்லுக்கும் றிம்முக்கும் இடையில்

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் காரில் போகலாம். அதற்கப்பால் பாலம் இல்லை. காரைக் கரையில் விட்டுவிட்டுப் படகேற வேண்டியதுதான். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே நிற்கும் கார்களின் சில்லுகளைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு வகன்-ஆரில் கம்பனி போட்டுக் கொடுத்த 14 அங்குல இரும்புச் சில்லு இருக்கும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு வகன்-ஆர் உயரம் குறைக்காத அதே கார்தான். ஆனால் சில்லு மட்டும் பெரிய அலோய். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. எதைக் கொடுத்து அந்த எடுப்பை வாங்கினார்கள் என்பது ரயரின் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கிறது.

155/65 R14 என்று இருந்தால், ரயரின் அகலம் 155 மில்லிமீற்றர். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். மில்லிமீற்றரில் அல்ல, அகலத்தின் 65 வீதம், அதாவது ஏறக்குறைய 101 மி.மீ. R என்பது ரேடியல். 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். றிம்மின் விட்டத்தோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் உயரத்தைக் கூட்டினால் ரயரின் முழு விட்டம் 557 மி.மீ. என்று வரும்.

இப்போது 165/55 R15 ரயருக்கு அதே கணக்கைப் போடுங்கள். 562 மி.மீ. சொச்சம். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுதான். மீற்றரில் முள் அதே 60இல் நிற்கும்போது கார் முன்பைவிட அரைக் கிலோமீற்றர் சொச்சம் கூடுதல் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். 165/45 R16 போட்டாலும் 555 மி.மீ. ஆக, கார் உயரவில்லை. சில்லுக் கூடும் நிறைந்துவிடவில்லை. ஆனால் பக்கச்சுவர் 101இலிருந்து 91 ஆகி, பிறகு 74 ஆகிவிட்டது. உலோகம் வளர வளர, றிம்மைச் சுற்றியிருந்த காற்று மெலிந்துகொண்டே போகிறது.

அந்தக் காற்றுத்தான் காரைத் தாங்குகிறது. ஆட்களோடு ஆயிரம் கிலோ வருகிற ஒரு சிறிய காரில் ஒரு சில்லுக்கு 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டே கால் கிலோ. வகுத்துப் பாருங்கள்: ரயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 110 சதுர சென்ரிமீற்றர். முழுக் காரும் நான்கு உள்ளங்கை அளவு இடத்தில்தான் நிற்கிறது! அகலமான ரயர் போட்டால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. அழுத்தம் அதுவேயானால் பரப்பும் கிட்டத்தட்ட அதுவே. நீளமாக இருந்த தடம் குறுகி அகலமாகும். வளைவில் கார் கூடுதலாகப் பிடித்து நிற்பது அந்த வடிவ மாற்றத்தாலும், குட்டையான பக்கச்சுவர் நெளியாமல் இருப்பதாலும், ரப்பரின் தரத்தாலும்தான்.

நல்ல தார் வீதியில் இது லாபம். தீவுகளின் உள்வீதிகளில் கதை வேறு. நெடுந்தீவில் மதில்களைக்கூடச் சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குப் பஞ்சமே இல்லை. முருகைக்கல்லின் முனை கூர்மையானது. சில்லு ஒரு கல்லின் விளிம்பில் ஏறும் கணத்தில் ரயர் உள்வாங்கி மடிகிறது. மடிவதற்கு இடம் இருந்தால் கல் கடந்துபோய்விடும். இடம் போதாவிட்டால் றிம்மின் உதடு கீழிறங்கி, கல்லுக்கும் றிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடும். வெளியே உடனே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் பக்கத்தில் புடைப்புக் கிளம்பும். அந்த ரயரை மாற்றியே ஆகவேண்டும், ஒட்டுப்போட முடியாது.

சில்லின் அளவைப் பற்றிய இந்த வாதம் பழையது. யாழ்ப்பாணத்தார் பல பத்தாண்டுகள் பேணி ஓட்டிய மொறிஸ் மைனரை எடுங்கள். 1948இல் அது வெளிவந்தபோது 14 அங்குலச் சில்லோடு வந்தது. அதற்கு முந்தைய மொறிஸ் எயிட் காரில் இருந்தது 17 அங்குலம். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் உள்ளே ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று சில்லைச் சிறிதாக்கினார். 1959இல் மினி காரில் 10 அங்குலத்துக்கே இறங்கிவிட்டார். இன்றைய நாகரிகம் நேர் எதிர்த்திசையில் போகிறது.

மைனருக்குப் புதுச் சில்லு தேடுகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அதன் நான்கு போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. இன்றைய பெரும்பாலான சிறிய கார்களுடையது 100 மி.மீ. வெறும் 1.6 மி.மீ. வித்தியாசம் என்பதால் வலிந்து இறுக்கினால் ஏறிவிடும். ஆனால் நட்டு சாய்ந்து அமரும், ஓட்டத்தில் தளரும். கொஞ்சம்கூடப் பொருந்தாத சில்லைவிட இப்படி ஏறக்குறையப் பொருந்துகிற சில்லுத்தான் ஆளைக் கொல்லும்.

அடுத்தது றிம்மில் ET என்று பொறித்திருக்கும் எண். றிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளியே இருக்கிறது என்பதே அது. நாலரை அங்குல அகலமும் ET45உம் உள்ள றிம்மைக் கழற்றிவிட்டு, ஐந்தரை அங்குல அகலமும் ET35உம் உள்ளதைப் பூட்டினால், வெளி விளிம்பு 23 மி.மீ. வெளியே வந்துவிடும். உயரம் குறைக்காத காரில் சில்லுக்கு மேலே இடைவெளி தாராளமாகத் தெரிவதால், எதுவும் ஏறும் என்று கடையில் சொல்வார்கள். அந்த இடைவெளி சும்மா கிடக்கவில்லை. பின்னால் மூன்று பேரும் சாமானும் ஏறி, கார் பள்ளத்தில் இறங்கும்போது சில்லு மேலே வர வேண்டிய இடம் அது. வெறும் காரை நிறுத்தி அளந்து பார்ப்பதில் பயனில்லை. ஆட்களை ஏற்றி, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

தீவுப் பக்கம் ஓடும் காருக்கு உப்புக் காற்றும் பகை. அலுமினிய றிம்மில் ரயர் அமரும் விளிம்பு அரித்துப் பொருக்கு வைத்தால், காற்று மெல்ல மெல்ல இறங்கும். குட்டைப் பக்கச்சுவரும் குறைந்த காற்றும் சேர்ந்தால் முதல் கல்லே போதும். காலையில், ரயர் சூடேறுமுன் காற்றை அளப்பது நல்லது.

என்னைக் கேட்டால், இந்த வீதிகளில் ஓடும் சிறிய காருக்கு 14 போதும். ஆசை விடாவிட்டால் 15; வகன்-ஆர் வகையில் சிலவற்றுக்குக் கம்பனியே 165/55 R15 போட்டு விற்றிருக்கிறது. 16 வேண்டாம். மிச்சமாகும் காசில் புதிய ரயர் வாங்கலாம். வாங்கும்போது பக்கச்சுவரில் தயாரித்த திகதியைக் காட்டும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பூ தேயாத ரயர் என்றாலும், ஆறேழு வருடம் கிடந்து ரப்பர் இறுகியது என்றால் எடுக்காதீர்கள்.