பெரியண்ணனும் சின்னண்ணனும் தேடிய கிராமம்

ஆலங்காயத்தில் நின்று நான்கு திசையும் பார்த்தால் பழைய வட ஆற்காடு ஜில்லாவின் கதை பாதிக்கு மேல் தெரிந்துவிடும். கிழக்கே ஜவ்வாது மலை. சாமை விளையும் மேட்டு நிலம். தேனும் கடுக்காயும் புளியும் தலைச்சுமையாக இறங்கி வந்த மலை. மேற்கே வாணியம்பாடி, வடக்கே ஆம்பூர். அந்த இரண்டு ஊர்களின் பெயரைச் சொன்னால் தோலும் செருப்பும் நினைவுக்கு வரும், பிரியாணி பிறகுதான். தென்மேற்கே திருப்பத்தூர். 2019-ம் ஆண்டு முதல் இந்தப் பக்கத்துக்கு அதுவே ஜில்லாத் தலைநகர்.

அந்தத் திருப்பத்தூரில் 1921-ம் ஆண்டு இரண்டு டாக்டர்கள் வந்து குடியேறினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஊருக்கு வெளியே நிலம் வாங்கி அவர்கள் அமைத்த ஸ்தாபனத்துக்குக் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று பெயர். மரங்கள் நட்டார்கள், குடில்கள் கட்டினார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. கதர் உடை, சைவச் சாப்பாடு, பிரம்மசரியம். ஜனங்கள் ஏசுதாசனைப் "பெரியண்ணன்" என்றும், பேட்டனைச் "சின்னண்ணன்" என்றும் அழைத்தார்கள்.

கம்பளி முதலாளியின் வீட்டுப் பிள்ளை

சின்னண்ணன் சாதாரண வீட்டுப் பிள்ளை அல்ல. ஸ்காட்லாந்தில் அலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பெரிய குடும்பத்தில் பிறந்தவர். உட்கார்ந்து சாப்பிட்டாலும் செல்வம் குறையாத வீடு. பிரிட்டனில் ஏசுதாசனைச் சந்தித்துச் சிநேகமானார். இருவரும் இந்தியாவுக்கு வந்து, பூனாவில் ஸ்காட்லாந்து மிஷனில் சிறிது காலம் வேலை செய்தார்கள். மிஷன் பங்களாவில் வெள்ளைக்காரருக்கு ஓர் அந்தஸ்து, இந்தியருக்கு வேறொன்று. அண்ணன் தம்பியாக வாழ நினைத்தவர்களுக்கு அது எப்படி ஒத்துவரும்? வெளியேறினார்கள்.

1932-ல் சென்னையில் ஒரு சம்பவம் நடந்தது. அந்நியத் துணி மறியல் உச்சத்தில் இருந்த நேரம். கதர் அணிந்து கடைத்தெருவில் நின்ற சின்னண்ணனைப் போலீசார் தடியால் அடித்தார்கள். சாயத் தண்ணீரையும் பீய்ச்சினார்கள். கதர் கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் அடிபட்ட செய்தி கப்பலேறி லண்டன் போய், பார்லிமெண்டில் கேள்வியாக எழுந்தது. அதே கதருடன் அவர் திருப்பத்தூருக்குத் திரும்பி, ஆசிரம வேலையைத் தொடர்ந்தார்.

ஆசிரமத்தின் ஜெபாலயம் தமிழ்நாட்டுக் கோவில் பாணியில், தூணும் மண்டபமுமாகக் கட்டப்பட்டது. இன்றும் திருப்பத்தூரில் அதைக் காணலாம்.

பங்களா வேண்டாம், வெளிநாட்டுப் பணத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் சபையும் வேண்டாம், கிராமத்து ஜனங்களைப் போலவே எளிமையாக அவர்கள் நடுவில் வாழ வேண்டும் என்பதே இருவரின் ஆசை.

கிறிஸ்தவமும் ஏரும்

மண்ணை ஒட்டிய கிறிஸ்தவ வாழ்க்கை என்ற இந்த எண்ணம் திருப்பத்தூரில் மட்டும் பிறந்ததல்ல. வேதாகமத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது. முதல் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகமே ஒரு தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலைதான். ஐம்பதாவது வருஷம் வந்தால், விற்றுப்போன பூர்வீக நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று மோசேயின் சட்டம் சொல்கிறது. நாபோத் என்ற குடியானவன் தன் திராட்சைத் தோட்டத்தை ராஜா கேட்டும் கொடுக்க மறுத்தான். அதற்காக உயிரையே இழந்தான். நிலத்தகராறு அக்காலத்திலும் இருந்திருக்கிறது!

இங்கிலாந்தில் செஸ்டர்டன், பெல்லாக் என்ற இரண்டு எழுத்தாளர்கள், சொத்து சில பெரிய முதலாளிகளிடமும் சேரக்கூடாது, சர்க்காரிடமும் சேரக்கூடாது, குடும்பந்தோறும் சிறு நிலமும் சிறு தொழிலும் இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். அமெரிக்காவில் டோரதி டே, பீட்டர் மோரன் இருவரும் 1933-ல் தொடங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கம் பண்ணைக் குடியிருப்புகளை ஏற்படுத்திப் பார்த்தது. பெரும்பாலானவை நிலைக்கவில்லை. பேசுவதற்கு ஆள் இருந்த அளவு களை பறிக்க ஆள் இல்லை என்றால் எந்தப் பண்ணை நிலைக்கும்? அதே அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இன்றும் குதிரை பூட்டி உழுகிறார்கள். அவர்கள் தொகை மூன்று லட்சத்துக்கு மேல். பள்ளிக்கூடம், கல்யாணம், களம், கோவில் எல்லாம் அவர்களுக்கு ஒரே அக்கம்பக்கத்தில். பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

நம் தேசத்திலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. சாம் ஹிக்கின்பாட்டம் என்ற பாதிரியார் அலகாபாத்தில் 1910-ல் விவசாயக் கல்லூரிக்கு விதை போட்டார். ஆற்காடு மிஷனைச் சேர்ந்த அமெரிக்கர்கள் காட்பாடியில் விவசாயப் பள்ளியும் பண்ணையும் நடத்தினார்கள். கேரளத்தில் வாகமண் மலைமேல் 1958-ல் ஏற்பட்ட குரிசுமலை ஆசிரமத்துத் துறவிகள், ஜெபத்துக்கு இணையாக மாட்டுப் பண்ணையையும் கருதினார்கள்.

நிலம் யாருடையது?

ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கும். கிறிஸ்தவராகச் சேர்ந்த கிராமத்து ஏழைகளில் பெரும்பாலோர் நிலமே இல்லாத பண்ணையாட்கள். மண்ணோடு வாழுங்கள் என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டியதே இல்லை. அவர்கள் மண்ணோடுதான் கிடந்தார்கள். பத்திரம் மட்டும் மிராசுதார் பெட்டியில் இருந்தது!

செங்கல்பட்டு ஜில்லாவில் ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் புறம்போக்கு நிலம் வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். கலெக்டர் டிரமன்ஹியர் அம்மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். 1892-ல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்குமன்றம் வரை பேசப்படும் விவகாரத்தின் ஆரம்பம் அதுதான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் உள்ள மெல்ரோசாபுரம் அந்த மிஷன் குடியேற்றங்களில் ஒன்று.

கணக்கர் போட்ட கணக்கு

நிலத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒரே மூச்சில் பேசிய மற்றொருவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த கிறிஸ்தவர். லண்டனில் தணிக்கைக் கணக்கர் படிப்பு. பம்பாயில் நல்ல வருமானம். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலை. 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கோட்டும் டையும் போய்விட்டன. குஜராத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களில் வீடு வீடாகப் போய் வரவு செலவு எடுத்தார். 1934-ல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கியபோது காரியதரிசி ஆனார். சிறைக்குள் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றி. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி. இரண்டையும் படித்தவர்களுக்கு, அவை ஒரே புத்தகத்தின் இரண்டு பாகம் போலத் தோன்றும்.

அவருடைய பொருளாதாரத்தில் மிருகங்களும் பறவைகளும் உதாரணமாக வருகின்றன. புலி அடித்துத் தின்கிறது. குரங்கு வைத்தவனைக் கேட்காமல் பழத்தைப் பறிக்கிறது. தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. தேனீ தனக்கென்று சேர்க்காமல் கூட்டம் முழுவதற்கும் சேர்க்கிறது. தாய்ப்பறவை பிரதிபலன் கேட்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது அவர் கேள்வி.

தர்மோபதேசத்தோடு அவர் நிற்கவில்லை. காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இடையில் நிற்கும் குத்தகை முதலாளி ஒழிய வேண்டும், நிலம் உழுகிறவனுக்கே, ஒருவர் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949-ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். 1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், காலமானார்.

தொட்டியும் கிணறும்

பாலாற்றுப் பக்கத்துத் தோல் தொழிலும் ஒரு காலத்தில் மண்ணோடு உறவு கொண்டதுதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிட்டார்கள். பட்டை காட்டிலிருந்து வந்தது. கடுக்காய் மலையிலிருந்து வந்தது. நாற்றம் இருந்தது, கஷ்டம் இருந்தது. ஆனால் அழுக்கு ஓர் அளவோடு நின்றது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைச் சர்க்கார் கட்டுப்படுத்தி, முழுத்தோலாகவும் செருப்பாகவும் அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி பெருகியது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பெருகியது. உப்பும் ரசாயனமும் கலந்த கழிவு நீரும் கூடவே பெருகியது.

வேலூர் பிரஜைகள் நல அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. 170 வகை ரசாயனங்கள் உபயோகமாகின்றன. தோல் தொழில் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லியது. 35,000 ஹெக்டேர் என்றால் 86,000 ஏக்கருக்கு மேல்! கெடுத்தவனே பணம் கட்டவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது இந்த வழக்கில்தான். ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அத்துடன் முடிந்ததா? இல்லை. 2025 ஜனவரியிலும் பாலாற்றைப் பற்றி சுப்ரீம் கோர்ட் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு தரப்பை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆம்பூர், வாணியம்பாடிச் செருப்புத் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் பஸ் ஏறிப் போகும் ஆயிரக்கணக்கான பெண்களின் தாயும் பாட்டியும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளம் என்பது அவர்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஆலை வழியாகத்தான். "திரும்ப வயலுக்குப் போங்கள்" என்று யாராவது சொன்னால், "யாருடைய வயலுக்கு?" என்று அவர்கள் கேட்பார்கள். மண் வாழ்க்கையைப் புகழ்கிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டு எந்த ஆசிரமமும், எந்தச் சபையும், எந்தக் குடும்பமும் பயிர் செய்ய முடியாது என்பது மறுபக்கம்.

மார்த்தாண்டத்துத் தேன்

இந்த முயற்சிகளில் எது நிலைத்தது? அதற்குக் கன்னியாகுமரி ஜில்லாவுக்குத்தான் போகவேண்டும்.

மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சேலத்தில் பிறந்த கே. டி. பால் என்ற தமிழ்க் கிறிஸ்தவத் தலைவர் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தைக் கிராமங்களின் பக்கம் திருப்பினார். அந்த வழியில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்தினார். கோழி, பனைவெல்லம், தறி, தேனீ என்று வீட்டோடு செய்யக்கூடிய தொழில்களாகத் தேர்ந்தெடுத்தார். பணம் கொடுக்கமாட்டார், வழி சொல்லிக் கொடுப்பார். எந்த ஜாதி, எந்த மதம் என்று பார்க்கவில்லை.

தேனீப் பெட்டிக்கு முன்கதை ஒன்று உண்டு. மேல்நாட்டுப் பெட்டி மேல்நாட்டுத் தேனீக்கு அளவெடுத்தது. நம் ஊர்த் தேனீ சிறியது, கூட்டமும் சிறியது. திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் என்ற சேசு சபைப் பாதிரியார் 1911 முதல் 1917 வரை முயன்று, இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டி ஒன்றை அமைத்து, கிராமத்தாருக்குப் பழக்கிக் கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்று பெயர் நின்றுவிட்டது. மார்த்தாண்டத்தில் அதற்கு நல்ல மண் கிடைத்தது. நிலம் இல்லாதவர்கூட ஒரு பெட்டி வைக்கலாம் அல்லவா? தேனீ வேலி பார்ப்பதில்லை, பட்டா கேட்பதில்லை. அடுத்தவர் ரப்பர் தோட்டத்தில் மேய்ந்து, சொந்தக்காரர் வீட்டுக்குத் தேன் கொண்டுவரும்.

1991-ல் பெரிய அடி விழுந்தது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, கூட்டம் கூட்டமாகத் தேனீக்களை அழித்தது. பெட்டிகள் வெறும் பெட்டிகளாகக் கிடந்தன. ஆனாலும் தொழில் சாகவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கம் வந்திருந்தது. தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து மறுபடி பெருக்கினார்கள். ஹாட்ச் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அவர் பெயர் தெரியாதவர்களும் மார்த்தாண்டம் தேனை வாங்குகிறார்கள்.

கிறிஸ்துகுல ஆசிரமத்தின் அண்ணன்மார் பிரம்மசாரிகள். அவர்களுடைய தியாகம் பெரிது. ஆனால் தியாகத்தை வாரிசாக எழுதிவைக்க முடியாது. மார்த்தாண்டத்தில் வேலை குடும்பங்களின் கையில் போய்ச் சேர்ந்தது. அதில் வருமானமும் இருந்தது. வருமானத்தைச் சொன்னால் சில பக்திமான்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் குமரப்பா கையில் இருந்தது கணக்குப் புத்தகம்தானே!

ஜவ்வாது மலையிலும் தேனுக்குப் பஞ்சமில்லை. பாறை உச்சியிலும் பெரிய மரங்களிலும் கட்டும் மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. புகை போட்டுத்தான் எடுக்கவேண்டும். மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காகக் கட்டும் சிறு தேனீ வேறு. அது நியூட்டன் பெட்டிக்கு வரும்.