சூட்டு ஊசி எப்போது ஏறுகிறது?

மெதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் ஏ14 வீதியில் முருங்கனைத் தாண்டிவிட்டால் ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. உயிலங்குளம் வரை வயல்வெளியும் மட்டமான வீதியும்தான். அந்த வீதியில் ஒரு கார் பொனற்றைத் திறந்துகொண்டு ஆவி பறக்க நின்றால் பார்ப்பவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுவார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எஞ்சினுக்குள் சுற்றும் தண்ணீர் வழக்கமாக 90 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் அதற்கும் வெளிக்காற்றுக்கும் இடையே 75 பாகை வித்தியாசம். மன்னாரின் 35 பாகையில் 55. அந்த வித்தியாசம் குறையக் குறைய றேடியேற்றரால் வெளியேற்றக்கூடிய சூடும் குறையும். ஆகவே மன்னாரில் அதற்கு வேலை கூடுதல்தான். ஆனால் பழுதில்லாத கார் இந்த வெயிலைத் தாங்கும். ஊசி சிவப்பைத் தொட்டால், முன்பே இருந்த ஒரு குறை இப்போது வெளியே தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் வீதியில் ஓடுபவற்றில் பல வயதான கார்கள், குறைக்குப் பஞ்சமில்லை.

வீதியில் ஊசி ஏறத் தொடங்கினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். நமது ஊரில் யாரும் தொடாத ஹீற்றரை முழுதாகத் திறந்து விடுங்கள். காருக்குள் வேகும், ஆனால் அது எஞ்சினின் சூட்டைத்தான் உள்ளே கொண்டுவருகிறது. பிறகு ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சோளகம் அடிக்கும் காலமென்றால் காரின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தலாம், பொனற்றை மட்டும் காற்று தூக்கி எறியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். றேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள். அந்த மூடி உள்ளே ஏறத்தாழ 1 பார் மேலதிக அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 பாகையிலும் கொதிக்காமல், 120 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. திறந்த கணமே அழுத்தம் போய்விடும், தண்ணீர் பொங்கி முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கக்கூடிய அளவுக்கு ஆறும்வரை, அரை மணிநேரமோ அதற்கு மேலோ, பொறுங்கள்.

ஊசி சட்டென்று கீழே இறங்கினாலும் நம்பிவிடாதீர்கள். தண்ணீர் வற்றினால் சூட்டை அளக்கும் சென்சர் ஆவியில் நிற்கும், அப்போது அது பொய் சொல்லும்.

கராஜுக்குப் போகுமுன் நீங்களே சொல்லக்கூடிய விடயம் ஒன்று உண்டு: ஊசி எப்போது ஏறியது? 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு உயிலங்குளத்தில் சோதனைச்சாவடி இருந்த காலத்து வரிசையை நினைத்துப் பாருங்கள். அப்படி நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் பழுது அநேகமாக ஃபானில்தான். ஓடும்போது காற்று தானாக வருகிறது. நின்றால் ஃபான்தான் காற்றை இழுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ஃபான் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், றிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிற்கும்போது சரியாக இருந்து, நீண்ட ஓட்டத்தில் மட்டும் ஏறினால் கதை வேறு. அங்கே காற்றோ தண்ணீரோ போதிய அளவு ஓடவில்லை. காலபோக அறுவடை நாட்களில் வயல் ஓரம் ஓடும் வாகனங்களின் றேடியேற்றரைப் பாருங்கள்: பதர், வைக்கோல் துரும்பு, பூச்சி. ஏசியின் கண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் அடைந்த குப்பை வெளியில் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும். அழுத்தமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

உள்ளே அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைக் கல் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சில கைஉழவு இயந்திரங்களில் திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து வற்றும், வற்ற வற்ற ஊற்றுவோம். அவை அப்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்தப் பழக்கத்தைக் காருக்குக் கொண்டுவந்தால் கல்லைத்தான் சேர்ப்பீர்கள். காருக்குள் தண்ணீர் மூடிய சுற்றில் இருக்கிறது, குறையவே கூடாது. அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் பிறகு அதை வெளியேற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் கலந்து விடுங்கள். கூலன்ற் கொதிநிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும்.

"எங்கட வெக்கைக்கு தேர்மோஸ்ரற் எதற்கு, கழற்றி எறியுங்கோ" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கைவைத்தியத்தில் கொஞ்சமும் நம்பிக்கையில்லை. எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும் வால்வுதான் தேர்மோஸ்ரற், பொதுவாக 80 பாகை தாண்டியதும் திறக்கும். சில எஞ்சின்களில் அதே வால்வு திறக்கும்போது பக்கவழியை மூடவும் செய்கிறது. அங்கே கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி வரும், சூடு கூடும். கழற்றாத காரிலும் அது மூடியபடி இறுகிப்போகலாம். எஞ்சின் கொதிக்கும்போது றேடியேற்றரின் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் சந்தேகம் அதன் மேல்தான். புதிதாக ஒன்று வாங்கிப் போடுவது பெரிய செலவில்லை.

தண்ணீர் அடிக்கடி குறைந்தால், எங்கே போகிறது என்று தேடுங்கள். ஹோஸ் மூட்டுகளில் வெள்ளை அல்லது பச்சைக் கறை, வாட்டர் பம்ப் அடியில் ஈரம், முன்சீற் கால்விரிப்பில் இனிப்பு வாடை. இனிப்பு வாடை ஹீற்றருக்குள் ஒழுகுவதைச் சொல்லும். பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் இருந்தும் றேடியேற்றர் வெறுமையாக இருந்தால் மூடியைத்தான் முதலில் மாற்றுங்கள், அது உறிஞ்சி எடுக்கத் தவறிவிட்டது. அக்வா, பிந்திய பிறியஸ் போன்ற கார்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. மற்றக் கார்களைப்போல் பம்பைச் சுற்றும் பெல்ற்றைப் பார்த்துப் பயனில்லை, ஸ்கான் செய்துதான் பார்க்க வேண்டும்.

வெளியே எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் தண்ணீர் அநேகமாக எஞ்சினுக்குள்ளேயே போகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே ஹோஸ் கல்லாக இறுகுவதும், ஓயில் மூடியில் பால்கோப்பி நிறத்தில் பசை படிவதும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் ஹெட் காஸ்கட் போனதன் அடையாளங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வடக்கில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களின் ஹெட் வார்ப்பிரும்பு. அவை எவ்வளவோ பொறுத்துக்கொண்டன. இன்றைய ஹெட் அலுமினியம், சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், ஒரு முறை கொதித்தாலே வளைந்துவிடலாம். காஸ்கட்டை மட்டும் மாற்றித் தர ஒரு கராஜ் முன்வந்தால், ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேரான அளவுகோலை வைத்து வளைவு இருக்கிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லேத் வேலைத்தளத்தில் சீவி மட்டப்படுத்திய பிறகுதான் புதிய காஸ்கட்.