மறியலும் விளக்கமறியலும்

ஒரு மொழி பேசுவோர் கடலின் இரு கரைகளிலும் வாழுமிடத்து, ஒரே சொல் இருவேறு பொருள் பயத்தல் இயல்பு. இதற்கு 'மறியல்' என்னுஞ் சொல் தக்க சான்றாகும். கற்பிட்டி, உடப்பு, சிலாபம் ஆகிய புத்தளக் கரையூர்களில் ஒருவன் மறியலில் இருக்கிறான் என்றால், அவன் சிறைப்பட்டான் என்பது பொருள். எதிர்க்கரையாகிய தூத்துக்குடியில் அதனைக் கேட்போர், அவன் சாலையை மறித்துப் போராடுகின்றான் என்றே கொள்வர்.

இச்சொல்லின் பகுதி 'மறி' என்பதாம். மேற்செல்லவொட்டாது தடுத்தலும் திருப்புதலும் அதன் பொருள். ஆடுகளை இரவில் வயலிலே அடைத்தலைக் 'கிடை மறித்தல்' என்பர் உழவர். 'அல்' என்னுந் தொழிற்பெயர் விகுதி சேர, மறியல் என்றாயிற்று. எனவே, சுவரும் பூட்டும் இச்சொல்லின் அடிப்படையல்ல, தடையே அடிப்படை. 13ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, கடன் கொடுத்தவன் கடன்பட்டவனைச் சுற்றி வட்டமிட்டால், கடன் தீர்க்குமுன் அவன் அதனைக் கடவான் என எழுதினார். சுவரில்லா மறிப்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஈழத்தில் இத்தடைப்பொருள் ஆளைத் தடுத்து வைத்தலாகச் சிறந்து, மறியற்சாலை, மறியற்காரன் முதலிய சொற்களைத் தந்தது. தமிழகத்திலோ, 1921இல் ஈரோட்டில் நிகழ்ந்த கள்ளுக்கடை மறியல் போன்ற போராட்டங்களால், வழியைத் தடுத்தல் என்னும் பொருள் ஓங்கியது. இன்று 'வீதிமறியல்' இலங்கையிலும் வழங்குகின்றது.

இனி, 'விளக்கமறியல்' என்பதை நோக்குவோம். இலங்கை நீதிமன்ற வழக்கில் 'விளக்கம்' என்பது வழக்கு விசாரணையைக் குறிக்கும். ஆதலின், விசாரணையை எதிர்நோக்கியவரை நீதிவான் கட்டளைப்படி தடுத்து வைத்தலே விளக்கமறியல். தமிழகத்தார் இதனை 'நீதிமன்றக் காவல்' என்பர். பொலிசார் கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துள் நீதிவான்முன் நிறுத்துதல் வேண்டுமென்பது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் வகுத்த பொதுவிதி. அதுவரை அவர் இருப்பது பொலிசுக் காவல். 'தடுப்புக் காவல்' இவற்றின் வேறாயது. அது அமைச்சர் முதலிய ஆட்சியாளர் கட்டளையால் நிகழ்வது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு 18 மாதம்வரை இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது.

2024 ஆகஸ்டில் கற்பிட்டிக் கடலிற் கைதான தருவைகுளம் மீனவர் 22 பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். இத்தகைய செய்தி அக்கரையை அடையுந்தோறும் உறவினர் மறியல் செய்வதும் உண்டு. இங்கே மறியலில் இருப்போரை மீட்க அங்கே மறியல்! சொல் ஒன்று, துயரும் ஒன்று.

விளக்கமறியல் தண்டனையன்று. குற்றம் நிறுவப்படுமளவும் ஒவ்வொருவரும் சுற்றவாளியென்றே கொள்ளப்படல் வேண்டுமென 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆயினும், உலகவழக்கோ விசாரணைக்குக் காத்திருப்பவனையும் தண்டனை பெற்றவனையும் 'மறியற்காரன்' என ஒன்றாகவே சுட்டுகின்றது. விடுதலையாகி வந்தவனையும் அப்பெயர் தொடர்ந்து, அவன் தொழிலையும் பிள்ளைகளின் திருமணத்தையும் மறிப்பதுண்டு. 'விளக்கம்' என்னும் முன்மொழி, உண்மை இன்னும் விளங்கவில்லை என்பதை நினைவூட்ட நிற்பது. அதனை விட்டுவிட்டு 'மறியல்' என்று மட்டும் சொல்வோர், நீதிபதிக்கு முன்னரே தீர்ப்பளித்தவராவர்.